ஏட்டில் இருந்த மயிற்பொறி

காவிரி கடலை நோக்கிச் செல்லும் வழியில் அதன் கரையில் அமைந்த பழம்பதிகளுள் ஒன்று மயிலாடுதுறை. உமையம்மை மயில் வடிவு கொண்டு சிவபெருமானை வழிபட்ட இடம் இது என்பர். வடமொழியாளர் இதனை மாயூரம் என்றனர். மக்கள் மாயவரம் என்றனர். 1982-ஆம் ஆண்டில் இவ்வூர் மயிலாடுதுறை என்னும் அழகிய தமிழ்ப் பெயரை மீண்டும் பெற்றது.

மயிலின் பெயர் கொண்ட இவ்வூருக்கு 1871-ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் தமிழ் கற்க வந்தார். அவரிடம் செல்வம் இல்லை. கல்வியின்மீது தணியாத வேட்கை ஒன்றே இருந்தது. அவர் பிற்காலத்தில் பழைய ஏடுகளுக்குள் கிடந்த வேறொரு மயிலைத் தமிழ்மக்கள் யாவரும் காணுமாறு செய்தார். அது தோகை விரித்து ஆடும் மயில் அன்று. கைத்தொழில் வல்லார் செய்த மயில். மனிதரைச் சுமந்து வானிற் பறந்ததாகக் காவியம் கூறும் மயில். அவ்விளைஞரே பின்னாளில் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

இளமையும் கல்வியும்

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் சூரியமூலை என்னும் சிற்றூரிலே, தம் அன்னையாரின் பிறந்தகத்திலே பிறந்தார். தந்தையாரின் ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையாராகிய வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். இராமாயணம் முதலிய கதைகளை இசையோடு சொல்லி, அதனால் வரும் பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். மகனுக்கு நல்ல ஆசிரியரைத் தேடி அவர் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரிலும் குன்னத்திலும் பிற ஊர்களிலும் கிடைத்த ஆசிரியர்களிடம் மகன் கற்றார். ஓர் ஆசிரியர் தமக்குத் தெரிந்தவற்றைச் சொல்லி முடித்ததும், அடுத்தவரைத் தேடிப் புறப்பட வேண்டியிருந்தது.

இறுதியில் தந்தையும் மகனும் மாயூரம் வந்து சேர்ந்தனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது அங்கே வாழ்ந்துவந்தார். தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் மழையெனப் பொழிந்த பெரும்புலவர் அவர். அவர் வாயாற் பாடிக்கொண்டே செல்ல, மாணவர் பனையேட்டில் எழுத்தாணியால் விரைந்து எழுதுவர். சாமிநாதையரும் அவ்வாறு எழுதும் பேறு பெற்றார். செய்யுளின் அமைதியோடு, ஏடெழுதுவார்க்கு நேரும் தடுமாற்றங்களையும் அவர் அந்நாளிலேயே அறிந்துகொண்டார். அப்பயிற்சியின் பயன் அப்போது அவருக்குத் தெரியவில்லை. பின்னர் அதுவே அவர் வாழ்வின் பெருந்துணை ஆயிற்று.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அக்காலத்தில் மாயூரத்தில் இருந்தார். இசைக்குடும்பத்திற் பிறந்த சாமிநாதையர் அவரிடம் சில நாள் இசை பயின்றார். இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்று மகாவித்துவான் கருதினார். ஆசிரியரின் கருத்தை அறிந்ததும் மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். ஒன்றை முற்றக் கற்பதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் துணிவு அவ்விளமையிலேயே அவரிடம் அமைந்திருந்தது.

திருவாவடுதுறை மடத்தின் ஆதரவில் ஆசிரியரும் மாணவரும் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மகாவித்துவான் மறைந்தார். 1880-ஆம் ஆண்டில் சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். குடும்பத்தின் வறுமை நீங்கிற்று. படித்த படிப்புக்குத் தக்க பதவி கிடைத்துவிட்டது என்று அவர் அமைந்திருந்தால் யாரும் குறை கூறியிரார்.

ஒரு முன்சீப்பின் வினா

அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனச் சாமிநாதையர் நீண்டதொரு பட்டியலைச் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பற்றிக் கேட்டார். அந்நூல்களைச் சாமிநாதையர் கற்றதில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

பிறர் ஒருவராயின் சினமோ நாணமோ கொண்டு அவ்விடத்தை விட்டு அகன்றிருப்பர். சாமிநாதையர் மீண்டும் சென்றார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிக் காகிதப் பிரதியை அவருக்கு அளித்தார். அதனைப் பிரித்துப் பார்த்த ஆசிரியருக்குத் தாம் இன்னும் மாணவரே என்பது விளங்கிற்று.

சீவக சிந்தாமணி, திருத்தக்கதேவர் என்னும் சைன முனிவர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இயற்றிய பெருங்காப்பியம். பதின்மூன்று இலம்பகங்களை உடையது. நச்சினார்க்கினியரின் உரையும் அதற்கு உண்டு. அதன் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் மட்டும் பவர் என்னும் பாதிரியாரின் முயற்சியால் 1868-ஆம் ஆண்டில் அச்சாகியிருந்தது. எஞ்சிய பெரும்பகுதி ஏட்டிலேயே கிடந்தது.

காப்பியத்திலும் உரையிலும் வந்த சைன சமயச் செய்திகள் சாமிநாதையருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சைனர் வாழ்ந்த தெரு ஒன்று உண்டு என அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்தைத் தேடிச் சென்றார். அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, அங்கே பலநாளாக நடந்துவந்த சிந்தாமணிப் பாடம் அன்று நிறைவெய்தியதாகக் கூறினர். தாம் எங்கெங்கோ தேடிய பொருள், தாம் வாழும் ஊரிலேயே ஓர் இல்லத்தில் வழிபாட்டுக்குரியதாகப் போற்றப்படுவதைக் கண்டு அவர் உள்ளம் பூரித்தார். சைவ மரபில் வந்த அவர், சமய வேறுபாட்டைக் கருதாமல் சைனப் பெருமக்களிடம் மாணவர்போல் அமர்ந்து கேட்டுத் தெளிந்தார். சைவராகிய நீர் சமண நூலைப் பதிப்பிப்பதோ என்று சிலர் குறை கூறினர். அவர் தம் பணியை விடவில்லை.

ஏடும் இடரும்

பனையேடு நெடுநாள் நிலைக்கும் பொருள் அன்று. செல்லும் ஈரமும் அதன் பகைகள். ஓர் ஏடு சிதையுமுன் மற்றோர் ஏட்டில் அதனைப் பெயர்த்தெழுத வேண்டும். அவ்வாறு எழுதாது விட்ட தலைமுறையோடு அந்நூல் அழியும். நம்பிக்கையின் பெயராலும் ஏடுகள் அழிந்தன. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் எனச் சிலர் கருதினர். பாண்டிநாட்டுக் கோயில் ஒன்றில் இருந்த ஏடுகள் வேள்வித் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டுச் சாமிநாதையர் மனம் நொந்தார். வயல்களுக்கு உயிர் கொடுக்கும் வெள்ளமே ஏடுகளுக்குக் கூற்றமாயிற்று.

அழியாமல் எஞ்சிய ஏடுகளைப் படிப்பதும் எளிதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. எரி என்று எழுதினும் ஏரி என்று எழுதினும் ஒன்றுபோலவே தோன்றும். நெருப்பா நீர்நிலையா என்பதைப் படிப்பவரே துணிய வேண்டும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்காது. ஒருவர் தவறாக எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுத, பிழை பலவாகப் பெருகும்.

இவ்விடர்களைக் கடப்பதற்குச் சாமிநாதையர் கண்ட வழி ஒன்றே. ஒரு நூலுக்குக் கிடைக்கும் பிரதிகளையெல்லாம் தொகுத்தார், ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார், வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். மடங்களையும் புலவர்களின் வழிவந்தோர் இல்லங்களையும் நாடி ஏடுகளைத் தேடினார். தமக்கு விளங்காத இடத்தைத் தம் கருத்திற்கேற்பத் திருத்திவிடுதல் எளிது. அவர் அதனைச் செய்யவில்லை. பொருள் தெரியாதபோதும் ஏட்டிற் கண்டதையே காத்தார்.

கல்லூரி விடுமுறைகளிலே சென்னைக்குச் சென்று அச்சுப்பிழைகளைத் திருத்தினார். அன்பர் பலர் முன்னதாகவே கையொப்பமிட்டு உதவினர். ஆயினும் பொருள் முடை நீங்கவில்லை. ஏழாண்டு உழைப்பின் பயனாக, 1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சீவக சிந்தாமணி முழுவதும் உரையோடு அச்சாகி வெளிவந்தது.

மயிற்பொறி

அக்காப்பியத்தின் நாமகள் இலம்பகத்தில் வருகிறது மயிற்பொறியின் வரலாறு. ஏமாங்கத நாட்டின் மன்னன் சச்சந்தன். அவன் தன் தேவி விசயையின்மீது கொண்ட பெருங்காதலால், ஆட்சிப் பொறுப்பைக் கட்டியங்காரன் என்னும் அமைச்சனிடம் ஒப்புவித்தான். விசயை கண்ட கனவொன்றால் தனக்குக் கேடு வரப்போவதை உணர்ந்த மன்னன், கருவுற்றிருந்த தேவியைக் காக்க ஒரு வழி தேடினான். கைவல்ல தச்சன் ஒருவனை அழைத்து, வானிற் செல்லும் ஊர்தி ஒன்றைச் செய்யப் பணித்தான்.

அத்தச்சன் துணியும் நூலும் பிசினும் அரக்கும் மெழுகும் பிற பொருள்களும் கொண்டு, ஏழே நாளில் ஒரு மயிலைச் செய்து முடித்தான் என்கிறது காப்பியம். மன்னன் தேவிக்கு அதனைச் செலுத்தும் முறையைக் கற்பித்தான். சில நாள் மாடங்களுக்கும் சோலைகளுக்கும் மேலே செலுத்தி அவள் பழகிக்கொண்டாள். பொறியை வலப்பக்கமாகத் திருப்பினால் மயில் மேகத்தைப் பிளந்து மேலே எழும்; இடப்பக்கமாகத் திருப்பினால் தரையில் இறங்கிக் கால்களை ஒடுக்கி அமரும். கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது மன்னன் தேவியை அம்மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரிட்டு மாண்டான். மயில் நகரின் புறத்தே இருந்த சுடுகாட்டில் இறங்கிற்று. அங்கே பிறந்தவனே காப்பியத் தலைவனாகிய சீவகன்.

இப்பகுதியைப் படிப்போர் ஒன்றைக் கூர்ந்து நோக்கலாம். புராணங்களில் வரும் வானூர்திகள் பல தெய்வ ஆற்றலால் இயங்குவன. நினைத்த இடத்திற்கு அவை தாமே செல்லும். திருத்தக்கதேவரின் மயில் அத்தகையதன்று. அது மனிதன் கையால் ஆயது. அதற்கு மூலப்பொருள்கள் உண்டு. செய்துமுடிக்கக் காலம் உண்டு. செலுத்துவார்க்குப் பயிற்சி உண்டு. ஏறவும் இறங்கவும் தனித்தனிக் கைமுறை உண்டு. அதற்கு அவர் இட்ட பெயரும் பொறி என்பதே. பொறியியல் என்று இன்று வழங்கும் சொல்லில் இருப்பதும் அப்பொறியே.

ஆனால் அம்மயிலை உள்ளிருந்து இயக்கிய ஆற்றல் யாது என்பதைக் காப்பியம் கூறவில்லை. ஆதலின் அக்காலத் தமிழர் வானிற் பறந்தனர் என்று துணிவதற்கு அது சான்றாகாது. அது புலவரின் கற்பனை. எனினும், பறத்தலை மந்திரமாகக் கருதாது கைத்தொழிலாகக் கருதிய கற்பனை அது. இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாறு ஒருவர் எண்ணினார் என்பதே பெருமைக்குரியது. 1894-ஆம் ஆண்டில் சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றிலும் செலுத்துவோன் இன்றிச் செல்லும் வானவூர்தியைப் பற்றிய குறிப்பு உண்டு.

கடல் கடந்த நாட்டில்

சிந்தாமணி அச்சாகிப் பதினாறு ஆண்டுகள் சென்றன. 1903-ஆம் ஆண்டில் சாமிநாதையர் ஐங்குறுநூற்றை வெளியிட்டார்; சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், அமெரிக்காவில் கிட்டிஹாக் என்னும் கடற்கரைப் பகுதியில் ரைட் சகோதரர்கள் எந்திரம் பூட்டிய விமானத்திற் பறந்தனர். முதன்முறை 12 விநாடியில் 120 அடி தொலைவு சென்றனர். அன்றைய நான்காம் முறையில் 59 விநாடியில் 852 அடி சென்றனர்.

அவ்விமானத்தின் எந்திரம் நான்கு உருளைகளை உடையது. ஏறக்குறையப் பன்னிரண்டு குதிரைத்திறன் கொண்டது. ரைட் சகோதரர்களின் மிதிவண்டிப் பட்டறையில் வேலை செய்த சார்லஸ் டெய்லர் அதனை ஆறு வாரங்களில் செய்து முடித்தார். முறையான வரைபடம் எதனையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. தேவையான உறுப்பைத் துண்டுத்தாளில் வரைந்து, அதனைப் பார்த்துச் செய்தனர். அத்தாள்கள் நிலைக்கவில்லை. உலகின் வரலாற்றை மாற்றிய அவ்வெந்திரத்தின் அமைப்பைப் பிற்காலத்தார், எஞ்சியிருந்த உறுப்புகளைக் கொண்டே ஆராய வேண்டியதாயிற்று.

1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர்களுடைய டேட்டன் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கிற்று. பெட்டிகளில் வைத்திருந்த முதல் விமானத்தின் உறுப்புகள் சேற்றில் அமிழ்ந்தன. முதற்பறத்தலைக் காட்டும் ஒளிப்படத்தின் கண்ணாடித் தகடும் நீரில் நனைந்து ஒரு மூலை சிதைந்தது. ஓலையாயினும் கண்ணாடியாயினும் காப்பாரில்லையெனில் அழியும் என்பதற்கு இதுவே சான்று. ரைட் சகோதரர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் கணக்கேடுகளும் அவ்வெள்ளத்திற்குத் தப்பின. அவை பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்து இன்றும் காக்கப்படுகின்றன.

இன்று ஒவ்வொரு விமானத்திற்கும் செலுத்தும் முறையைக் கூறும் கையேடு உண்டு. அதன் எந்திரத்திற்குத் தனிப்பதிவேடு உண்டு. எத்தனை மணிநேரம் ஓடிற்று, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பவற்றை அதிற் குறிப்பர். அப்பதிவில் ஓர் எண் பிழைபட்டாலும் உயிர்க்கேடு நேரலாம். ஏட்டில் ஓர் எழுத்துப் பிழைபட்டால் ஒரு நூலின் பொருளே கெடும். கண்டதைக் கண்டவாறு எழுதுதல் என்னும் அறம் இரண்டிற்கும் பொது.

இறுதி நாட்கள்

1910-ஆம் ஆண்டில் சென்னை மக்கள் முதன்முதலாக விமானம் பறப்பதைக் கண்டனர். அந்நகரில் விடுதி நடத்திய த ஏஞ்செலிஸ் என்பவர் தாமே அமைத்த விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். 1932-ஆம் ஆண்டில் கராச்சியிலிருந்து சென்னைக்கு விமான அஞ்சல் வரத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது. இவ்வாறு காவியத்தில் அவர் கண்ட வானூர்தி அவர் வாழ்நாளிலேயே மெய்யாயிற்று.

ஆனால் மனிதன் விமானத்தை அஞ்சல் சுமப்பதற்கு மட்டும் பயன்படுத்தினான் இல்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னைக்கும் அத்தீங்கு நேரும் என்னும் அச்சத்தால் மக்கள் நகரை விட்டு வெளியேறினர். எண்பத்தேழு வயது முதியவராகிய சாமிநாதையரும் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். செல்லையும் வெள்ளத்தையும் தீயையும் எதிர்த்து ஏடுகளைக் காத்த பெரியார், வானிலிருந்து வரும் தீக்கு அஞ்சி இடம் பெயர நேர்ந்தது. அவ்வூரிலேயே ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

விசயையின் உயிரைக் காக்கவே மயிற்பொறி செய்யப்பட்டது. உயிர் காப்பதற்கு ஒரு பொறியைச் செய்வதும் உயிர் போக்குவதற்கு அதனைச் செலுத்துவதும் மனிதன் கையிலேயே உள்ளன. இவ்வுண்மையை எந்தக் கையேடும் கற்பிக்காது, இலக்கியம் கற்பிக்கும். அதனாலேதான் எந்திரத்தின் பதிவேட்டைக் காப்பதைப்போல இலக்கியத்தின் ஏட்டையும் காக்க வேண்டும்.

சாமிநாதையர் தம் வாழ்நாளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களை வெளியிட்டார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பதிற்றுப்பத்தும் பரிபாடலும் குறுந்தொகையும் அவர் உழைப்பால் ஒளி பெற்றன. முன் பதிப்பிற் கண்ட பிழைகளைப் பின் பதிப்பில் தாமே திருத்திக்கொள்ள அவர் நாணியதில்லை. அவர் தொகுத்த ஏட்டுச் சுவடிகளைக் காப்பதற்காக 1943-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நூல் நிலையம் நிறுவப்பெற்றது. சென்னைப் பெசன்ட் நகரில் அது இன்றும் பணிபுரிகிறது.

நம் இல்லங்களிலும் பழைய ஏடுகளும் கடிதங்களும் கணக்குகளும் இருக்கலாம். அவற்றைப் பயனற்றவை என்று எறியுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நன்று. மாயூரத்தில் ஏடெழுதப் பழகிய ஓர் இளைஞர், கிழிந்த ஏட்டைத் தள்ளிவிடாமல் கூர்ந்து நோக்கினார். அதனாலே ஆயிரம் ஆண்டு பழமையுடைய ஒரு காப்பியம் முழுவதும் நம் கைக்கு வந்தது. அதனுள்ளே ஒரு மயில் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.